காளான் அறையில் எக்ஸாஸ்ட் ஓடியும் காம்பு நீள்கிறது, பெரிய ஃபேன் மாற்றலாமா?

ஈரோட்டுச் சிப்பி
வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடி அறை, உயரம் 9. சிப்பிக்காளான் போடுகிறேன். ஈ வரக்கூடாதென்று ஜன்னலைப் பாலிதீன் தாளால் முழுக்க அடைத்து, மேலே 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் மட்டும் வைத்திருக்கிறேன். மொட்டு நன்றாக வருகிறது, ஆனால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடுகிறது. ஃபேன் ஓடும்போது கதவைப் பலமாக இழுத்தால்தான் திறக்கிறது. சின்ன ஈயும் குறையவில்லை. 12 இஞ்ச் ஃபேன் போட்டால் சரியாகுமா அண்ணா?

தோட்டத்து வீடு
வாங்காதீங்க தம்பி. கதவு இறுகுவதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, உள்ளே காற்று வர வழியே இல்லை. வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் சும்மா சுற்றும், அறைக்குள் அழுத்தம் குறைந்து கதவடி, ஒயர் ஓட்டை, தண்ணீர்க் குழாய் இடுக்கு என்று கிடைத்த இடத்திலெல்லாம் காற்றை உறிஞ்சும், ஈயும் பச்சைப் பூசணமும் அதோடு சேர்ந்தே வரும். காம்பு நீள்வது கரியமில வாயு தேங்குவதால். விளைச்சல் அறையில் அது 1000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு) கீழே இருந்தால்தான் சிப்பி குடை விரிக்கும். ஃபேனுக்கு எதிர்ச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஃபேன் வாயைப் போல இரண்டு மடங்கு பரப்புக்குத் திறப்பு வைத்து 40 மெஷ் (இஞ்சுக்கு 40 கண்) நைலான் வலை அடியுங்கள். வலை பாதிக் காற்றைத் தடுத்துவிடும், அதனால்தான் அவ்வளவு பரப்பு.

வித்துக்கூடம்
நான் இதற்கு எதிர்க்கட்சி. வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளுங்கள், அப்போது எந்த இடுக்கிலும் காற்று வெளியேதான் போகும், பூசணம் நுழையாது.

தோட்டத்து வீடு
வித்து போடும் அறைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. விளைச்சல் அறையில் சிப்பி கொட்டும் ஸ்போர் தூளை (காளானின் விதை போன்ற நுண்தூள்) அப்படித் தள்ளினால் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். அது நுரையீரலுக்கு ஆகாது, தொடர்ந்து சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு எல்லாம் வரும். வீட்டோடு ஒட்டிய அறை என்றால் உறிஞ்சி வெளியே விடுவதே நல்லது. அறுவடைக்கு மாஸ்க் இல்லாமல் போகவே கூடாது.

ஈரோட்டுச் சிப்பி
திறப்பு வைத்தால் இந்த வெயிலில் ஈரம் போய்விடாதா? ஃபேன் எவ்வளவு நேரம் ஓடணும்?

தோட்டத்து வீடு
போகும். திறப்புக்கு வெளியே கூலர் பேட் வைத்து நனைத்துவிடுங்கள், ஈரம் 80–90 சதவீதம் நிற்க வேண்டும். நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் அறை 1080 கன அடி. மணிக்கு 6 முறை காற்று மாற 6480 கன அடி வேண்டும். ஃபேன் நிமிடத்துக்கு 400 கன அடி தள்ளினால் மணிக்கு சுமார் 16 நிமிடம் போதும், அதையும் டைமர் போட்டு நாலு நாலு நிமிடமாகப் பிரித்துவிடுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் மொட்டு காயும். அப்புறம் ஃபேனைப் போட்டுவிட்டு ஊதுபத்தியைக் கதவிடுக்கில் காட்டுங்கள். புகை மெல்ல உள்ளே சாய்ந்தால் அளவு சரி, விசுக்கென்று இழுபட்டால் திறப்பு இன்னும் பத்தவில்லை.