நியாயப் பயன்பாடா, தகுபயன்பாடா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பதிப்புரிமையுள்ள ஆக்கத்தைச் சில தேவைகளுக்கு உரியவரின் அனுமதியின்றியே பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃபெயர் யூஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘நியாயப் பயன்பாடு’ போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை.

ஹட்டனில் ஒரு பாடசாலை மலரின் அட்டைக்கு, நெற்றியில் கூடைக்கயிற்றோடு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை இணையத்திலிருந்து எடுத்தார்கள். ஓரத்தில் படமெடுத்தவரின் பெயர் இருந்தது. அட்டைக்கு அளவாக வெட்டியதில் அது போய்விட்டது. கேட்டதற்கு, “காசுக்கு விற்கவில்லையே, நியாயப் பயன்பாடுதானே?” என்றார்கள். அவர்கள் மனத்தில் கள்ளமில்லை. நம் தோட்டங்களில் நியாயம் என்றால் மனச்சாட்சி. சட்டம் பார்ப்பது வேறு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு இடம் தருகிறது. ஆனால் நோக்கம் என்ன, ஆக்கம் எத்தகையது, எவ்வளவு எடுத்தோம், உரியவரின் சந்தை பாதிக்கப்படுமா என்று நான்கையும் பார்க்கச் சொல்கிறது. காசு வாங்காதது முதற்கேள்விக்குள் ஒரு பகுதி மட்டுமே. ஒளிப்படத்துக்கு மூன்றாவதுதான் சிக்கல். கவிதையில் இரண்டு வரியை மேற்கோள் காட்டலாம். படமோ பெரும்பாலும் முழுதாகத்தான் வருகிறது. அதே படத்தை வகுப்பில் காட்டி, கொழுந்து பறிக்கும் முறையை விளக்கும் ஆசிரியரின் நிலை வேறு, அழகுக்காக அட்டையில் இடுவது வேறு. பெயர் குறிப்பிடுவது 10ஆம் பிரிவு தரும் தனி உரிமை. பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி கிடைத்ததாகாது.

(படத்திலுள்ள பெண்ணுக்குப் பதிப்புரிமை இல்லை, படமெடுத்தவருக்கே உண்டு. எனக்கு இது வருத்தமே. தனி இழையில் பேசுவோம்.)

ஆகவே ‘தகுபயன்பாடு’ என்று முன்மொழிகிறேன். தகும் என்றதுமே எதற்கு, எவ்வளவு என்ற கேள்வி கூடவே எழுகிறது. ‘தகுபயன்பாட்டு வரம்பு’, ‘தகாப் பயன்பாடு’ என்று கிளைச்சொற்களும் அமையும்.

——

ஐயாவின் பதில்:

தம்பிக்கு,

தகுபயன்பாடு நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ‘தகாப் பயன்பாடு’ மட்டும் வேண்டாம்; தகாதது என்றாலே ஒழுக்கக்கேடு என்று படிப்பார்கள். ‘உரிமை மீறல்’ இருக்கிறதே. சட்டத்தரணிகள் ‘நியாயமான’ என்ற அடைக்குப் பழகியவர்கள், அவர்களுக்காகச் சில காலம் இரண்டையும் அருகருகே எழுதுவோம். இன்னொன்று: நான்காம் கேள்வி இன்றுள்ள சந்தையோடு நிற்பதில்லை, இனி வரக்கூடிய சந்தையையும் பார்க்கிறது. அதற்கு ‘வருசந்தை’ பொருந்துமா? மற்றவர்களும் எழுதுங்கள்.