பாட்டிலோடு வந்த கம்பெனியும் ஆணியில் தொங்கிய சரமும்

வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவுக்கு வந்து பட்ட பாடு என்றால் கார், செல்போன் கம்பெனிகளைப் பற்றித்தான் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் பெட்டிக்கடைப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் திண்டிவனம் பக்கம் சோப்பு, ஷாம்புக்கு ஸ்டாக்கிஸ்டாக, அதாவது கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவனாக இருந்தேன். 1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்த காலம். 1994-ல் கெல்லாக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்து, சூடான பாலை ஊற்றிச் சாப்பிடுகிற நாட்டில் மொறுமொறுப்பான கார்ன்ஃப்ளேக்ஸை விற்கப் பார்த்ததும் அப்போதுதான்.

எனக்கு ஏஜென்சி கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். நல்ல ஷாம்பு, அழகான பாட்டில், டிவியில் ஓயாமல் விளம்பரம். மும்பையிலிருந்து ஒரு மேனேஜர் கடைகளைச் சுற்றிப் பார்க்க வந்தார். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனேன். பாட்டிலைக் கண்ணில் படுகிற மாதிரி முன்வரிசையில் வைக்கச் சொன்னார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "சார், வைக்க எடம் எங்க இருக்கு? பாக்கெட்டுன்னா ஒரு ஆணி அடிச்சு சரமா தொங்கவிட்டுடுவேன்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மேனேஜர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பாக்கெட் ஷாம்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதே இல்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விட்டுப் பழக்கியிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு பிரிந்துபோய்த் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி, பிறகு சிக் பாக்கெட் மட்டும். இதைவிடச் சாமர்த்தியமான ஸ்கீமை நான் பார்த்ததில்லை. போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் தானாகவே கடைக்கு நடந்து வருவார்!

மேனேஜரின் கணக்கெல்லாம் வாங்குகிறவரின் வருமானத்தைப் பற்றியே இருந்தது. கடைக்காரரின் கல்லாவை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. உப்பளக் கூலி வருகிற அன்றுதான் கடையில் பாக்கி வசூலாகும், அந்தப் பணத்தில்தான் அடுத்த வாரச் சரக்கு. அப்படிப்பட்டவர் ஒரு முழுப் பெட்டி பாட்டிலில் முதலை முடக்குவாரா? பெட்டியை உடைத்துப் பாதி கொடுங்கள் என்பார், அதுவும் கடனுக்கு. கம்பெனியோ என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு முழுப் பெட்டிதான் அனுப்பும். நடுவில் மாட்டிக்கொண்டது என் பணம்.

இன்னொன்று. பாட்டில் வாங்க வசதி உள்ள வீட்டிலும் சரம் சரமாகத்தான் வாங்கினார்கள். மில்லி கணக்குப் போட்டால் பல பிராண்டுகளில் பாக்கெட்தான் மலிவு. இது கேட்கத் தலைகீழாகத் தோன்றும். வீட்டில் செலவுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு அப்போதே தெரியும். 1999-ல் சிக் 50 காசுக்கு வந்தபோது பேச்சே முடிந்துவிட்டது. சில்லறையில் அடங்குகிற விலை அது, கடைக்காரருக்கும் மீதி தேடுகிற வேலை இல்லை.

என் கம்பெனியும் கடைசியில் பாக்கெட் விட்டது. அதற்குள் நான் ஏஜென்சியைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். இப்போது யாராவது புதுக் கம்பெனிக்கு ஸ்டாக்கிஸ்ட் ஆகப் போவதாகச் சொன்னால், மார்ஜினைக் கேட்கும் முன் தேதி முடிந்த சரக்கை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கச் சொல்வேன். தேதி முடிந்த சரக்குக்காகக் கம்பெனியிடம் நான் கேட்ட பணத்தில் பாதிதான் வந்தது.