கோ-ஆப்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அயர்லாந்தின் முதல் மேலவையை முன்வைத்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு அவையில் இடம் காலியானால் மீதி உறுப்பினர்களே புதியவரைத் தேர்ந்து நிரப்புவதை ஆங்கிலத்தில் கோ-ஆப்ஷன் என்பார்கள், அதற்கு ஒரு சொல் வேண்டும். பத்து நாளாகத் தேடுகிறேன், கிடைத்த எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

1922 டிசம்பரில் ஐரிஷ் சுதந்திர நாடு பிறந்தபோது அமைந்த முதல் மேலவையின் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் மொழியில் அதற்கு ஷானத் என்று பெயர். மொத்தம் 60 பேர். பெயர், பதவிக்காலம் எல்லாம் எளிதாக நிரம்பிவிட்டன. 'உறுப்பினரான வழி' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

30 பேரை அரசாங்கத் தலைவராக இருந்த காஸ்கிரேவ் தாமே நியமித்தார். கீழவையான டாயிலில் போதிய இடம் கிடைக்காத தரப்புகள், குறிப்பாக பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பிய பழைய யூனியனிஸ்டுகள், புதிய நாட்டில் தங்களுக்கும் இடம் உண்டு என்று நம்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். கவிஞர் யேட்ஸ் அப்படி வந்தவர்தான். யூதரான டெசார்ட் சீமாட்டியும் அப்படித்தான் வந்தார். இவர்களுக்கு 'நியமனம்' என்று போட்டுவிட்டேன், நம் மாநிலங்களவையின் 12 பேரால் பழகிய சொல். மற்ற 30 பேரை டாயில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது, வரலாற்றாசிரியர் ஆலிஸ் ஸ்டாப்ஃபர்ட் கிரீன் அந்த வரிசையில் வந்தவர். அதுவும் சிக்கலில்லை. அப்புறம் 1925 செப்டம்பரில் 19 இடங்களுக்கு மக்களே வாக்களித்தார்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதி, 76 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள்! அதற்கும் 'நேரடித் தேர்தல்' என்ற சொல் இருக்கிறது.

சிக்கல் நான்காவது வழியில். இடையில் யாராவது இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்தை நிரப்பியது காஸ்கிரேவும் இல்லை, டாயிலும் இல்லை, மக்களும் இல்லை. மேலவையில் மீதி இருந்தவர்களே கூடி வாக்களித்து வெளியிலிருந்து ஒருவரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வந்தவருக்கு முழுப் பதவிக்காலம் கிடையாது, மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த தேர்தல் வரைக்கும்தான். இது ஏதோ அரிதாக நடந்த ஒன்றல்ல. அது உள்நாட்டுப் போர்க் காலம், மேலவை உறுப்பினர் என்பதற்காகவே வீடுகளைக் கொளுத்தினார்கள். வேளாண் கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கிய ஹோரஸ் பிளங்கெட்டின் வீடு 1923 ஜனவரியில் எரிந்தது, அதே ஆண்டில் அவர் பதவி விலகி இங்கிலாந்துக்கே போய்விட்டார்.

என் மனதை அரித்துக்கொண்டிருப்பது டக்ளஸ் ஹைடின் கட்டம். ஐரிஷ் மொழியை மீட்டெடுக்க கேலிக் லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர். அவரை 1925 பிப்ரவரியில் மேலவை உறுப்பினர்கள் இப்படி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஏழே மாதத்தில் செப்டம்பர் தேர்தலில் மக்கள் முன்னால் நின்று தோற்றுப்போனார். அவருக்கு நேரே நான் முதலில் 'நியமனம்' என்று எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது அது பொய் என்று பட்டது. நியமிக்க ஒரு மேலதிகாரி வேண்டும், இங்கே அப்படி யாருமே இல்லையே. 'இடைத்தேர்தல்' என்று மாற்றினேன், அது இன்னும் மோசம், படிப்பவர் ஓட்டுச்சாவடியையும் வரிசையையும் நினைத்துக்கொள்வார். 'கோ-ஆப்ஷன்' என்று அப்படியே வைக்கலாமென்றால் நம்மவர் காதில் கோ-ஆப் என்றாலே கூட்டுறவுச் சங்கம்தான், அதுவும் பிளங்கெட் இருக்கும் பட்டியலில் வைத்தால் குழப்பத்துக்கு அளவே இருக்காது.

ஒரு நண்பர் தனிமடலில் 'குடவோலை' என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவரலாமே என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உத்திரமேரூரில் குடத்திலிருந்து எடுத்த ஓலை ஆளையே தேர்ந்தெடுத்தது. ஷானத்திலும் சீட்டெடுத்தார்கள் என்பது உண்மை, ஆனால் அது வேறொன்றுக்கு: நியமனம் பெற்ற 30 பேரில் எந்த 15 பேருக்கு 12 ஆண்டு, எந்த 15 பேருக்கு 6 ஆண்டு என்று முடிவு செய்ய. காலம்தான் சீட்டில் இருந்தது, ஆள் இல்லை. அதனால் அங்கே வெறுமனே 'சீட்டெடுப்பு' போதும், குடவோலையை இழுக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'அவைத்தெரிவு'. அவையே தெரிந்தெடுத்தது என்று பொருள். 'தேர்வு' என்று முடித்தால் நம் பக்கத்தில் பரீட்சை நினைவு வந்துவிடுகிறது, அதனால் ஈழத்தவர் வழக்கமாக எழுதும் 'தெரிவு'. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி:

வணக்கம் ஐயா.

தெரிவு என்ற சொல்லை எடுத்ததில் மகிழ்ச்சி, எங்கள் பக்கம் நாளாந்தம் புழங்கும் சொல் அது. ஆனால் 'அவைத்தெரிவு' நிற்காது என்றே நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

இலங்கையின் மேலவையாக இருந்த செனற் சபையை எடுத்துப் பாருங்கள். 1947இல் அமைந்தது, 1971இல் ஒழிக்கப்பட்டது, 30 பேர். 15 பேரை மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமித்தார், மற்ற 15 பேரைக் கீழவையான பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. அந்த 15 பேரையும் தெரிவு செய்தது ஒரு அவைதானே? உங்கள் அயர்லாந்திலும் டாயில் தெரிவு செய்த 30 பேர் இருக்கிறார்கள். அவர்களும் 'அவைத்தெரிவு', ஹைடும் 'அவைத்தெரிவு' என்றால் நீங்கள் பிரிக்க நினைத்த இரண்டும் ஒன்றாகிப் போகும். எந்த அவை என்பது சொல்லுக்குள் இல்லை.

யார் எந்தக் கதவால் வந்தார் என்பது சிறிய விடயம் இல்லை ஐயா, அந்த இடத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது செனற் சபை நியமனத்தால்தான். 1965இல் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானதும் அதே வழியில்தான். இருவரும் அப்போது மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள் இல்லை. 'உறுப்பினர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இதெல்லாம் மறைந்துவிடும்.

'உட்தெரிவு' என்று யோசித்தேன், அதிலும் பிழை, உள்ளே இருப்பவர்களில் ஒருவரைத் தெரிவு செய்வது போலக் கேட்கிறது. உங்கள் மடலிலேயே ஒரு இடத்தில் 'உள்ளே எடுத்துக்கொண்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சரியான வினை. அதிலிருந்து சொல் கட்ட முடியாதா?

இன்னொன்று. மேலவை என்பதற்குப் பதில் 'மூதவை' போடலாமே? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக செனற்றுக்கு அந்தப் பெயர்தான்.

மறுமொழி:

தம்பி, வணக்கம். பிரதிநிதிகள் சபையை வைத்து நீங்கள் சொன்னது சரி, நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவைத்தெரிவை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் காட்டிய வினையை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். 'எடுத்துக்கொள்ளல்' பெயர்ச்சொல்லாக நீண்டுபோகிறது, 'எடுப்பு' என்றால் பொருளே மாறிவிடுகிறது. ஆனால் பேச்சில் இதற்கு நாம் என்ன சொல்வோம்? 'அவரையும் சேர்த்துக்கிட்டாங்க.' அவ்வளவுதான். சேர்ப்பவரும் சேரும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் 'சேர்த்துக்கொண்டார்கள்' என்போம், அந்தக் 'கொள்' நமக்கு ஒரு வரப்பிரசாதம். டாயில் 30 பேரை மேலவைக்கு அனுப்பியது, தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. பிரதிநிதிகள் சபையும் அப்படித்தான். ஹைடைத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே பெயர்ச்சொல் 'அவைச்சேர்ப்பு', ஆள் 'அவைச்சேர்ப்பு உறுப்பினர்', வினையாக வரும்போது 'அவை சேர்த்துக்கொண்டது'. கட்சிகளின் 'உறுப்பினர் சேர்க்கை'யோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். சேர்க்கை வேறு, சேர்ப்பு வேறு, முன்னால் 'அவை' இருப்பதால் தாங்கும் என்று நினைக்கிறேன்.

மூதவை அருமையான சொல். ஐரிஷில் 'ஷான்' என்றாலே பழைய, மூத்த என்றுதான் பொருள், முதல் ஷானத்தில் உறுப்பினராக 35 வயது ஆகியிருக்க வேண்டும், வாக்களிக்கக்கூட 30 வயது. பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு 'மேலவை' என்றால் உடனே விளங்கும், 1986இல் கலைக்கப்பட்ட நம் சட்ட மேலவையை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பட்டியலின் தலைப்பில் 'மேலவை', முதல் பத்தியில் 'மூதவை என்றும் சொல்வர்' என்று போட்டுவிடுகிறேன், இரண்டும் பிழைக்கட்டும்.

ஹைடின் கட்டத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: 'அவைச்சேர்ப்பு, பிப்ரவரி 1925, நேரடித் தேர்தலில் தோல்வி, செப்டம்பர் 1925.' பிளங்கெட்டின் இடத்துக்கு வந்தவருக்கும் இதே சொல்தான். ஞாயிறு மாலை வரை பார்க்கிறேன், யாரும் மறுக்காவிட்டால் மற்றக் கட்டங்களையும் மாற்றிவிடுகிறேன்.