பல்கேரியாவில் குர்பான் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

காவேரிப்பட்டணம் அம்மா
மகள் ப்ளோவ்டிவில் படிக்கிறாள், மே 6 அன்று நானும் அங்கே இருப்பேன். அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, தன் கிராமத்துச் சர்ச்சில் அன்று குர்பான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்கிறாராம். ஆடு வெட்டி ஊருக்கே சாப்பாடாம். வேறு சாமி கும்பிடும் இடத்தில் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. மாட்டுக்கறியும் தொட மாட்டேன். பணம் தர வேண்டுமா?

பென்னாகரம் தம்பி
அக்கா, கட்டாயம் போங்கள். சோஃபியாவில் வேலை பார்த்தபோது இரண்டு முறை போயிருக்கிறேன். நம்ம பக்கம் முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துவிடுகிற மாதிரிதான், உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் ஆட்டைக் கொடுப்பார்கள், சர்ச் வாசலிலேயே விறகடுப்பில் அண்டா அண்டாவாகக் கறிச் சூப் கொதிக்கும். பூசை முடிந்து பாதிரியார் வந்து, திருநீற்றுப்பச்சைக் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து அண்டா மேல் தெளிப்பார். நான் போன இரண்டு முறையும் அதுவரை ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. கையில் கிண்ணம் தரும்போது ‘ஸா ஸ்த்ராவே’ என்பார்கள், ஆரோக்கியத்துக்கு என்று பொருள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள், முகமெல்லாம் மலரும். விலை கிடையாது. உள்ளே மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றுங்கள், மேலே வைப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே மணலில் வைப்பது இறந்தவர்களுக்கு. வீட்டுக்காரம்மாவுக்குப் பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுங்கள், இரட்டைப்படை அங்கே சாவு வீட்டுக்கு. அப்புறம், ஒரு போசி கொண்டு போங்கள், வீட்டுக்கும் ஊற்றித் தருவார்கள்.

பழையபேட்டை
பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன், எங்கள் குர்பானியேதான் அது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் துருக்கியர் ஆண்ட நாடு, சொல் அப்படிப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் வழக்கம். மே 6 புனித ஜார்ஜ் நாள், கெர்கியோவ்டென் என்பார்கள், அன்றைக்கு ஆட்டுக்குட்டிதான். வேறு புனிதர்களின் நாளில் சில ஊர்களில் கன்றும் வெட்டுவது உண்டு, அதனால் ‘ஆக்னெஷ்கோ?’ என்று கேட்டுவிடுங்கள், ஆட்டுக்குட்டிக் கறியா என்று அர்த்தம். பதிலுக்குத் தலையை இடவலமாக ஆட்டினால் ஆமாம் என்பது அவர்கள் வழக்கம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை. வெளிநாட்டவரிடம் சிலர் மாற்றியும் ஆட்டுவார்கள், வாய்விட்டு ‘டா’ என்றால்தான் ஆமாம், ‘நே’ என்றால் இல்லை.

பென்னாகரம் தம்பி
சரியாகச் சொன்னீர்கள் பாய். அக்கா, சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். கை கோத்து வட்டமாக ஹோரோ ஆடுவார்கள், யாராவது கையை நீட்டினால் போய்ச் சேருங்கள், ஆனால் வரிசையின் தலைமாட்டில் மட்டும் நுழையாதீர்கள், அது ஆட்டத்தை நடத்துகிறவரின் இடம்.

காவேரிப்பட்டணம் அம்மா
இரண்டு பேருக்கும் நன்றி தம்பி. போசியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், மகளுடைய அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. கீழே மணலில் அவருக்கு ஒன்று ஏற்றலாமா?

பென்னாகரம் தம்பி
ஏற்றுங்கள் அக்கா. மகள் கையால் ஏற்றச் சொல்லுங்கள்.