படகுக்கான டூல் பை: எதைப் போடுவது, எதை வீட்டில் விடுவது?

கல்கிசை_அலை:
ஸ்கூபா டைவிங்குக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மேற்குக் கடல், அப்புறம் திருகோணமலை. இரண்டுக்கும் கொண்டுபோக ஒரு சின்ன டூல் பை கட்டுகிறேன். இப்போதைக்கு நினைத்திருப்பது: ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், அலன் கீ செட், கட்டர், கேபிள் டை, காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கொஞ்சம், துருப் பிடிக்காமல் ஒரு ஸ்ப்ரே எண்ணெய். போதுமா? படகில் இடம் குறைவு.

ஓரிங்_நானா:
முதலில் அந்த ஸ்ப்ரேயை வெளியே எடுங்கள் தம்பி. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகியுலேட்டருக்குப் பக்கத்தில் பெட்ரோலிய எண்ணெய் வரவே கூடாது. சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ் ஒரு சின்னக் குப்பி போதும். நைட்ரொக்ஸில், அதாவது ஒக்சிசன் கூட்டிய காற்றில், ஒக்சிசன் 40 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் ஆகாது, ஒக்சிசனுக்கென்றே செய்த கிரீஸ் வேண்டும்.
அட்ஜஸ்டபிளும் வேண்டாம். வாய்க்கும் ஜாக்கெட்டுக்கும் போகும் குறை அழுத்த ஹோஸின் தலை 9/16 அங்குலம், சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜுக்குப் போகும் உயர் அழுத்த ஹோஸின் தலை 5/8. இரண்டு மெல்லிய ஸ்பேனர் எடுத்தால் வேலை முடிந்தது.

பஞ்சிகாவத்தை_பாஸ்:
எதற்கு நானா அங்குலம் தேடி அலைவது? புறக்கோட்டையில் மி.மீ. செட் வேண்டிய அளவு கிடக்கிறது. 14உம் 16உம் எடுத்தால் சரி. ஓ-ரிங்கும் அப்படித்தான். எங்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கார் ஏசிக்கு விற்கும் பெட்டியில் எல்லா அளவும் இருக்கும்.

ஓரிங்_நானா:
16 சரி வரும், ஏனென்றால் 5/8 என்பது 15.88 மி.மீ. ஆனால் 9/16 என்பது 14.29. உங்கள் 14 ஏறாது, 15 ஆடும். ஆடுகிற ஸ்பேனரை பித்தளையில் போட்டால் மூலை உருண்டுவிடும், அதற்குப் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது.
ஓ-ரிங் கதை இதைவிட மோசம். சிலிண்டரில் ரெகியுலேட்டரை மாட்டும் யோக் வால்வின் முகத்தில் உட்காருவது பெரும்பாலும் 014 நம்பர்: உள்விட்டம் 12.42, தடிப்பு 1.78 மி.மீ. ஏசிப் பெட்டியில் இருக்கும் 12க்கு 2 கையில் எடுத்துப் பார்த்தால் அதே மாதிரித்தான் தெரியும். சிலிண்டரின் 200 பார் அழுத்தம் ஏறும்போது வித்தியாசம் தெரியும். ரப்பரின் கடினத்தையும் கேட்டு வாங்குங்கள், ஷோர் அளவில் 90. 70 என்றால் அந்த அழுத்தத்தில் பிதுங்கப் பார்க்கும்.

பஞ்சிகாவத்தை_பாஸ்:
ஓ-ரிங்கை விடுங்கள், அதில் உங்களோடு சண்டை இல்லை. அட்ஜஸ்டபிளை விடமாட்டேன். வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜின் நட் ஒருவருக்கு 11/16, இன்னொருவருக்கு 3/4. வாடகைச் சாமான் கலந்து வரும் படகில் எத்தனை ஸ்பேனரைத்தான் தூக்குவீர்கள்? தாடை ஆடாத நல்ல 6 அங்குல அட்ஜஸ்டபிள் ஒன்று இதற்கெல்லாம் பதில் சொல்லும். ஹோஸ் ஒன்றும் லொறி வீல் நட் இல்லையே, கையால் இறுக்கி மேலே கொஞ்சம்தான்.

நீரடி_அக்கா:
ஸ்பேனருக்கே இத்தனை பதிவா? பயணத்தைக் கெடுப்பது எது என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்க் பட்டி, ஃபின் பட்டி, மவுத்பீஸ் டை, சிலிண்டர் ஓ-ரிங், டைவ் கம்ப்யூட்டர் பற்றரி. ஒன்றுக்கும் ஸ்பேனர் தேவையில்லை. 2012இல் மூழ்கிய தேர்மொபிலே சியரா கப்பலைப் பார்க்கப் பாணந்துறைக்கு அப்பால் போனவர்களுக்குப் படகு எப்படி ஆடும் என்று தெரியும். அந்த ஆட்டத்தில், கையில் டூல் இருக்கிறதே என்பதற்காகவே ரெகியுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைத் திறக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பை சின்னதாக இருந்தால் அந்த ஆசையே வராது. என் பை ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவு, அவ்வளவுதான்.

கல்கிசை_அலை:
அக்கா, கேஜின் கழுத்தில் பொடிக் குமிழி வந்தால் என்ன செய்வீர்கள்?

நீரடி_அக்கா:
இரண்டொரு குமிழி என்றால் கண்ணில் வைத்துக்கொண்டு இறங்குவேன், கரைக்கு வந்து பார்ப்பேன். ஓடுகிற குமிழி என்றால் அன்றைக்கு இறங்கமாட்டேன்.

ஓரிங்_நானா:
அதற்காக ஒரு நாளையே இழக்கத் தேவையில்லை. ஹோஸும் கேஜும் சேருமிடத்தில் ஒரு சின்னச் சுழல் ஊசி இருக்கிறது, அதன் இரு முனையிலும் 003 ஓ-ரிங். படகில் அதை மாட்டப் போனால் கண்ணும் போகும், ரிங்கும் கடலுக்குப் போகும். வீட்டிலேயே ரிங் மாட்டிய ஊசி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வால்வை மூடி, காற்றை முழுதாக விட்ட பிறகே ஸ்பேனர் போட வேண்டும். ஒரு ஸ்பேனர் கேஜைப் பிடிக்க, மற்றது ஹோஸைத் திருப்ப. பாஸ் இதற்கு வேண்டுமானால் தன் அட்ஜஸ்டபிளைக் கொண்டுவரட்டும்.
உயர் அழுத்த ஹோஸ் வெடித்தால் சத்தம்தான் பயங்கரம். அதன் வாயில் ஊசித் துளைதான், அதனால் காற்று மெல்லத்தான் போகும். குறை அழுத்த ஹோஸ் வெடித்தால்தான் சிலிண்டர் மளமளவென்று காலியாகும். உதிரி வைப்பதென்றால் அந்த ஹோஸில் ஒன்று வையுங்கள்.
இன்னொன்று யாரும் சொல்லவில்லை: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து அனுப்பும் அழுத்தத்தைக் காட்டும் இடை அழுத்த கேஜ். ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் சொருகினால் போதும், எதையும் கழற்றத் தேவையில்லை. பெரும்பாலான ரெகியுலேட்டர்களில் 9, 10 பார் பக்கம் வந்து நிற்கும். நிற்காமல் மேலே ஊர்ந்தால் உள்ளே காற்றை அடைக்கும் சீட் போய்விட்டது. அதற்குப் பையில் டூல் கிடையாது, சர்வீஸ் செய்பவரிடம் போக வேண்டியதுதான்.

நீரடி_அக்கா:
கேஜுக்கு என் வாக்கு உண்டு. திறக்காமல் பார்க்கலாம் என்பதால். ஸ்பேனர் விஷயத்தில் நான் அசையவில்லை.

பஞ்சிகாவத்தை_பாஸ்:
கேஜும் உப்பில் ஊறிச் செத்துப்போகும், அதையும் சொல்லுங்கள். பைக்குள் ஈரத் துணி போகாமல் பார்த்துக்கொள். டூலை நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அந்தச் சிலிக்கோன் கிரீஸையே விரலில் தொட்டுத் தடவு. தம்பி, ஓ-ரிங் எடுக்க இரும்பு ஊசி வைக்காதே, பித்தளைக் கொக்கி. இதில் நானாவும் நானும் ஒன்று.

கல்கிசை_அலை:
சரி பாஸ். மெல்லிய 9/16 கொழும்பில் எங்கே பிடிப்பது? கேட்ட கடையிலெல்லாம் மி.மீ. செட்டைத்தான் நீட்டுகிறார்கள்.

பஞ்சிகாவத்தை_பாஸ்:
புதுக் கடையில் தேடாதே. மொரிஸ் மைனர் பார்க்கிற பழைய பாஸ்மாரிடம் போ. அந்தக் காரில் 3/8 யூஎன்எஃப் (அங்குல மரை) போல்ட்டின் தலை 9/16தான். ஸ்பேனர் தடிப்பாக இருக்கும், கிரைண்டரில் கொடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொள். நிறம் மாறும் அளவுக்குச் சூடாக்காதே.

ஓரிங்_நானா:
ஆக, பஞ்சிகாவத்தையிலும் அங்குலம் இருக்கிறது.