வாக்குத்தத்த அட்டை வருஷா வருஷம் வருது, பதில் இன்னும் வரல... காத்திருக்கிறவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பதில் கிடைச்சவங்க சாட்சி நிறைய கேட்டாச்சு, சந்தோஷம்தான், ஆனா இன்னும் கிடைக்காதவங்க எப்படி விசுவாசத்துல நிக்கிறீங்கன்னு யாரும் பேசுறதே இல்ல, அதான் நானே ஆரம்பிக்கிறேன். நாங்க பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ சபை. கல்யாணம் ஆகி பல வருஷம் ஆச்சு, பிள்ளை இல்ல. மாத்திரை, ஊசி, ஐவிஎஃப் எல்லாம் பாத்தாச்சு.

அசன பண்டிகைக்கு போனா சோறு வைக்கும்போதே "விசேஷம் எதும் உண்டா"ம்பாங்க. அது பழகிடுச்சு. பழகாத ஒண்ணு இருக்கு. ஒரு உபவாச கூட்டத்துல வெளியூர் ஊழியர் ஒருத்தர் என் தலையில கை வச்சு, அடுத்த வருஷம் இதே மாசம் உன் கையில குழந்தை இருக்கும்னு தீர்க்கதரிசனம் சொன்னார், நாங்களும் நம்புனோம், எங்க அத்தை தொட்டிலுக்கு சேலையே எடுத்து வச்சுட்டாங்க. அந்த மாசமும் வந்துச்சு, போச்சு. அப்புறம் அதே கூட்டத்துக்காரங்க வீட்டுக்கு வந்து "மறைவான பாவம் எதும் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க"ன்னுட்டு போனாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் எனக்கு பைபிளை திறக்கவே கை வரல.

எங்க ஐயரம்மாவுக்கு (சபை போதகரை ஐயர்னுதான் சொல்வோம், அவரோட மனைவி) எப்படியோ விஷயம் தெரிஞ்சு வந்தாங்க. வந்ததும் லூக்கா 1 எடுக்க சொன்னாங்க. சகரியாவும் எலிசபெத்தும் நீதியுள்ளவங்க, குற்றமில்லாதவங்கன்னு 6ஆம் வசனம் சொல்லுது, அவங்களுக்கு பிள்ளை இல்லன்னு 7ஆம் வசனம் சொல்லுது. "உன்னைய பாவின்னு சொல்றவங்க இந்த ரெண்டையும் சேர்த்து வாசிக்கட்டும் மக்ளே"ன்னாங்க. அங்கேயே அழுதுட்டேன்.

அப்புறம் வாட்ச் நைட் ஆராதனையில, அதான் புது வருஷம் பிறக்குற ராத்திரி ஆராதனையில, என்ன வாக்குத்தத்த வசன அட்டை எடுத்தேன்னு கேட்டாங்க. எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதுக்கு மேல 10ஆம் வசனம் வாசிச்சியான்னாங்க. வாசிச்சா, 70 வருஷம் முடிஞ்சப்புறம்தான் திரும்ப கொண்டுவருவேன்னு இருக்கு! பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோன ஜனத்துக்கு எரேமியா அனுப்புன கடிதம் அது. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு கர்த்தர் பேரால சொல்றான், ஜனத்துக்கு கேக்க எவ்வளவு இனிப்பா இருந்திருக்கும்! ஆனா கர்த்தர் அவனை அனுப்பவே இல்லன்னு எரேமியா அவன் முகத்துக்கு நேராவே சொல்லிடுறார். என் தலையில கை வச்சு சொன்ன அந்த வார்த்தை ஏன் நிறைவேறலன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. தேவன் என்கிட்ட பொய் சொல்லல, அவர் சொல்லாததை அவர் பேரால ஒருத்தர் சொல்லிட்டார், அவ்வளவுதான். தேதி குறிச்சு தீர்க்கதரிசனம் சொல்றவங்க இந்த 28ஆம் அதிகாரத்தை ஒரு தடவை முழங்கால் போட்டு வாசிக்கணும்னு நான் மனசார கேட்டுக்கிறேன், ஏன்னா அது உடைச்சு போடுறது ஒரு குடும்பத்தோட விசுவாசத்தை.

அந்த கடிதம் ஆரம்பிக்கிறதே "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்"னுதான். நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம்னா, பிள்ளை வரட்டும் அப்புறம் கட்டலாம்னு மனையை சும்மாவே போட்டு வச்சிருந்தோம். அந்த வருஷமே ஐயரை வச்சு ஜெபம் பண்ணி அஸ்திவாரம் போட்டோம், பின்னாடி ஒரு முருங்கை, ஒரு மாதுளை. யாருக்காக கட்டுறீங்கன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. நாங்க குடியிருக்கத்தான்னு என் வீட்டுக்காரர் சொன்னார். குடும்ப ஜெபத்துல பிள்ளைக்காக இன்னும் கேட்டுட்டுதான் இருக்கோம், அதை விடல, விடவும் மாட்டோம். ஆனா வாழுறதை தள்ளிப் போடுறதை நிறுத்திட்டோம்.

கடற்கரைவாசி:
அக்கா, நான் கன்னியாகுமரி மாவட்டம், கத்தோலிக்கன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் எங்க ஆளுகளுக்கு மறக்காது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு இந்த கரையில இருந்து ஆழ்கடல் தொழிலுக்கு போனவங்கள்ல எத்தனையோ பேரோட உடல் கூட கிடைக்கல. எங்க சித்தப்பாவும் அதுல ஒருத்தர். அன்னைக்கு கோயில் முற்றத்துல ஊரே உக்காந்து ராப்பகலா செபமாலை சொல்லுச்சு, சிலர் திரும்பி வந்தாங்க, சிலர் வரல. ஒரே செபம்தான எல்லாரும் சொன்னோம், இத எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுதிரி ஏத்துவாங்க, எங்க சித்திக்கு ஏத்த கல்லறையே இல்ல. முதல் சில வருஷம் ஏத்தவும் மாட்டேன்னுட்டாங்க, ஏத்துனா செத்துட்டார்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும்ல. இப்ப குருசடியில, அதான் சிலுவை வச்ச சின்ன கோயில்ல, ஏத்துறாங்க. காலை திருப்பலிக்கு தவறாம போறாங்க. ஒருநாள் பொறுக்க முடியாம, உங்க செபத்தை ஆண்டவர் கேக்கலியே சித்தி, இன்னும் ஏன் போறீங்கன்னு கேட்டுட்டேன். "சண்டை போடவாவது எனக்கு அவர விட்டா யாரு மக்கா இருக்கா"ன்னாங்க. ஆண்டவரே நாங்க யார்கிட்ட போவோம்னு பேதுரு கேட்டது இந்த அர்த்தத்துலதான்னு நான் நினைக்கிறேன். மேல எனக்கு எழுத வரல.

முடக்குவாதத்தோடு ஒருத்தி:
எனக்கு சரவாங்கி, மூட்டு வீங்கி இறுகுற முடக்குவாதம். அதுக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுறேன், காலையில கை விரலை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துல மாத்திரையை நிறுத்துனாத்தான் விசுவாசம்னாங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படி நிறுத்தாதீங்க, மூட்டு ஒருதடவை கெட்டுப்போச்சுன்னா பழையபடி வராது, மருந்தும் தேவன் குடுத்ததுதான்.

எனக்கு தைரியம் குடுத்தது டோனாவூர். மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை மீட்டு வளர்த்த இடம், களக்காடு பக்கம்தான். 1931ல அவங்க விழுந்து அடிபட்டாங்க, அப்புறம் 1951 ஜனவரியில சாகுற வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரூம்லதான். அத்தனை பிள்ளைங்க ஜெபம் பண்ணியும் சுகம் வரல. ஆனா அந்த படுக்கையில இருந்தே புத்தகம் புத்தகமா எழுதுனாங்க. அங்க போய் அவங்க கல்லறைகிட்ட நின்னப்போ எனக்கு தோணுனது, விசுவாசம் குறைஞ்சதாலதான் சுகம் வரலன்னு இவங்களைப் பாத்து யாராவது சொல்வாங்களா? பவுலும் தன் உடம்புல இருந்த முள்ளை எடுத்துப் போடச் சொல்லி மூணு தடவை கேட்டார், கிடைச்சது "என் கிருபை உனக்குப் போதும்"ங்கிற பதில்தான். அவருக்கே முள்ளு போகல.

குரூப்4தம்பி:
நான் சின்னவன், எனக்கு கவர்மெண்ட் வேலைதான் பிரச்சனை, உங்க கஷ்டத்துக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. கூட படிச்சவங்க எல்லாம் போஸ்டிங் வாங்கிட்டாங்க, நான் இன்னும் ரேங்க் லிஸ்ட் பாத்துட்டு இருக்கேன். சங்கீதம் 13ல தாவீது ரெண்டே வசனத்துல நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேக்குறார். ராஜா கேக்கலாம்னா நானும் கேக்கலாம்னு இப்போ தினமும் அப்படியே கேட்டுதான் ஜெபிக்கிறேன். நல்ல பிள்ளை மாதிரி நடிச்சு ஜெபிச்சப்ப இருந்ததை விட இப்பதான் அவர் கூட பேசுற மாதிரி இருக்கு.

நெல்லைக்காரி:
தம்பி, உன் கஷ்டமும் கஷ்டம்தான், சின்னதுன்னு சொல்லாத. கடற்கரைவாசி தம்பி, உங்க சித்தியோட ஞானஸ்நானப் பேர் மட்டும் தனியா அனுப்புங்க, வெள்ளிக்கிழமை எங்க பெண்கள் ஐக்கிய சங்க ஜெபத்துல வைக்கிறேன். டோனாவூர் போன அக்கா, உங்களுக்கும் சேர்த்துதான். இன்னும் யாருக்காவது ஜெபக்குறிப்பு இருந்தா வியாழக்கிழமைக்குள்ள எழுதிடுங்க, நோட்டுல எழுதி வச்சு வாசிக்கிறது நான்தான். என்னோடதும் அதுல இருக்கு, பழைய குறிப்புதான், இன்னும் கோடு போட்டு அடிக்கல.