உளிகளைப் பெட்டியில் வைப்பதா, சுவரில் மாட்டுவதா?

கேள்வி:
வணக்கம். பத்துக்கு எட்டடி அறை ஒன்றில் ஓய்வு நேரங்களில் தச்சு வேலை செய்து வருகிறேன். உளி, அரம், மூலைமட்டம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று அரை அங்குல உளியை எடுத்தபோது, பொறுமையாகத் தீட்டி வைத்த அதன் வாய் அரத்தில் இடிபட்டு மூளியாகியிருந்ததோடு, பின்பக்கத்தில் துருப்புள்ளிகளும் தெரிந்தன. மிகவும் வருத்தமாக இருக்கிறது. சுவர் முழுவதும் ஆணி அடித்துக் கருவிகளை மாட்டிவிடலாமா?

மறுமொழி 1:
ஆணியைவிடப் பிரெஞ்சு கிளீட் முறை நல்லது; சுவரில் ஒரு சாய்வுப் பட்டையும் கருவித் தாங்கியின் முதுகில் ஒரு சாய்வுப் பட்டையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அமைப்பு அது. புதிய கருவி ஒன்று வந்தால் ஆணி வரிசை முழுவதும் குலைந்துவிடும், இதில் தாங்கியைக் கழற்றி நகர்த்தினால் போதும். 18 மி.மீ. பிளைவுட் பலகையை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் அறுத்தால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒன்றை, சாய்வு மேற்புறம் சுவரை நோக்கி இறங்கும்படி வைத்துச் சுவரில் திருகாணியால் இறுக்குங்கள். மற்றொன்றைத் தலைகீழாகத் திருப்பித் தாங்கியின் முதுகில் பொருத்தினால், அது சுவர்ப்பட்டைக்குப் பின்னால் இறங்கிக் கவ்விக்கொள்ளும்; பாரம் ஏறும்போது தாங்கி சுவரோடு ஒட்டியே நிற்கும். உளித் தாங்கியில் ஒவ்வோர் உளிக்கும் தனித்தனிப் பிளவு அறுத்து, வாய்ப்பகுதிக்கு முன்னால் ஒரு மெல்லிய பலகையை அடித்துவிட்டால், உளிக்கும் கைக்கும் பாதுகாப்பு.

மறுமொழி 2:
துருவைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் சுவரில் மாட்டினாலும் அது வரும். இரவில் குளிர்ந்துபோன இரும்பின் மேல் ஈரக்காற்று படும்போது நீர் கோத்துக்கொள்கிறது. கை வியர்வையின் உப்பும் அரிப்பை விரைவுபடுத்துகிறது. வேலை முடிந்ததும் இழைப்புளியின் வாயில் சிக்கிய சுருள்களைத் தட்டிவிட்டு, மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் இரும்புப் பகுதிகளை ஒரு முறை துடையுங்கள். ஓக் மரத்தில் பெட்டி செய்யாதீர்கள். அதிலிருந்து வெளிப்படும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் இரும்பை அரிக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மரத்துக்கு மெருகூட்டப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

மறுமொழி 3:
தாங்கி செய்வதற்கு முன் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். எந்தக் கருவிக்காக எத்தனை முறை மேசையை விட்டு நகர்கிறீர்கள் என்று கவனித்தால், அது இருக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். பென்சில், குறிக்கும் கத்தி, மூலைமட்டம், அளவுநாடா ஆகியவை வெவ்வேறு இனமானாலும் ஒரே வேலைக்குச் சேர்ந்து வருபவை. அவற்றை நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒன்றாக வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுப்பவை மேல்தட்டுக்குப் போகட்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. உளித் தாங்கியை மட்டும் இந்த வாரமே செய்துவிடுகிறேன். மற்றவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கிறேன். எண்ணெய்த் துணி ஒன்று மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தது, இப்போதுதான் எடுத்து வெளியே விரித்துப் போட்டேன்.